நாலு பின்னும் தாமிரபரணித் தண்ணியும்

போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். புது ஸ்மார்ட் வாட்ச் வாங்கப் போகிற தம்பி ஒருவன், "அண்ணாச்சி, வயர்லெஸ் சார்ஜ் உள்ளதாப் பாத்து வாங்கட்டுமா, இல்ல கேபிள்ல பின் வச்சதே போதுமா?" என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான், ஆளுக்கொரு தீர்ப்பு. நான் பாதி சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதி இங்கே.

நான் பின் கட்சி. ஓடுகிற ஆளுக்குக் கேபிளே போதும். பின் வாட்ச்சால் ஒரு கஷ்டமும் படாமல் இதைச் சொல்லவில்லை. நன்றாகப் பட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிய வாட்ச். முதுகில் நாலு சின்ன உலோகப் புள்ளி, கேபிள் முனையில் அதற்குத் தோதாக நாலு பின். வாரத்தில் இரண்டு நாள் ஓட்டம் முடித்து நேராகக் குறுக்குத்துறை போய் ஆற்றில் ஒரு முங்கு போடுவேன். மற்ற நாட்களில் ஓடி முடித்து, வியர்வை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து, வாட்ச்சைக் கழற்றி, தேவையோ இல்லையோ, அப்படியே சார்ஜில் சொருகிவிடுவேன். எட்டு மாதத்தில் ஒரு புள்ளி பச்சையாகிவிட்டது. கேபிளை எப்படித் திருகி வைத்தாலும் சார்ஜ் ஏறுவேனா என்கிறது.

அம்மா வாங்கிப் பார்த்தாள். "பித்தளைச் செம்புல பிடிச்ச களிம்பு கணக்கால இருக்கு. புளியப் போட்டுத் தேய்லே." நல்லவேளை தேய்க்கவில்லை. அந்தப் புள்ளிகள் மேல் மெல்லிசாகப் பூச்சு கொடுத்திருப்பார்கள். புளியும் நாரும் போட்டால் பூச்சு போய்விடும், அடியில் உள்ள உலோகம் இன்னும் சீக்கிரம் அரித்துவிடும். பழைய பல்துலக்கி பிரஷ், நல்ல தண்ணீர், பருத்தித் துணி, ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம். அதற்குப் பிறகு ஒருவழியாகச் சார்ஜ் ஏறியது.

பிறகுதான் யோசித்தேன். ஆற்றில் குளித்த நாட்களால் வாட்ச்சுக்குக் கெடுதல் இல்லை. தாமிரபரணி உப்பைக் கழுவித்தான் அனுப்பியிருக்கிறது. உப்பு வியர்வை ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் அரிக்கும். மற்ற நாட்களில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சார்ஜ் போடும் முன் கழுவித் துடைத்துக் காய வை என்று வாட்ச்சோடு வந்த சின்னப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்?

சிலர் அந்த இடத்துக்கு ரப்பர் மூடி வாங்கிப் போடுகிறார்கள், உள்ளே தண்ணீர் போய்விடுமாம். அது ஓட்டையே இல்லை, அடைத்த இடம்தான். மூடிக்கு அடியில் வியர்வை தங்கினால் ஊறிக்கொண்டே கிடக்கும். திறந்து விடுங்கள், காயட்டும்.

சரி, வயர்லெஸுக்கு வருவோம். அதில் வெளியே தெரியும் உலோகம் இல்லை, களிம்புப் பேச்சே இல்லை. அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. வாட்ச்சை வைக்கிற சார்ஜ் தட்டில் ஒரு கம்பிச்சுருள், வாட்ச்சுக்குள் ஒரு கம்பிச்சுருள், நடுவில் காந்தப்புலம். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த சங்கதிதான். ஆனால் இப்படித் தாவும்போது கொஞ்சம் மின்சாரம் சூடாகி வீணாகும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. சூடு ஏறினால் வாட்ச் தானாகவே சார்ஜைக் குறைக்கும், இல்லையென்றால் நிறுத்திவிடும்.

குளிர்ந்த ஊரில் இதெல்லாம் பெரிதில்லை. நம்மூர் கத்திரி வெயிலில்? ஆப்பிள் வாட்ச்சின் வழக்கமான மாடல்களுக்கு அந்தக் கம்பெனியே சொல்லும் வரம்பு 0 முதல் 35 டிகிரி. மே மாதம் பாளையங்கோட்டையில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்து பாருங்கள், 35 என்றால் சிரிப்பு வரும். இதற்கு முன் நான் வைத்திருந்தது வேறொரு கம்பெனியின் வயர்லெஸ் வாட்ச். பராமரிப்புக்காக ரெண்டு மணி வரை கரண்ட் இல்லாத ஒரு நாள், கரண்ட் வந்ததும் தட்டில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் முதுகு இட்லி மாதிரி சுடுகிறது, சார்ஜ் வைத்த இடத்திலேயே நிற்கிறது. கேபிளிலும் சூடு உண்டு, ஆனால் இந்த அளவுக்கு நான் பார்த்ததில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தத் தம்பியிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியதும் அதுதான்: எத்தனை நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போடப் போகிறாய்? பல வருடமாக ஆப்பிள் தன் சாதா வாட்ச்சுக்குச் சொன்ன கணக்கு 18 மணி நேரம். தினமும் ராத்திரி கழற்றி வைக்கிற பொருளுக்கு, இருட்டில் தொட்டதும் ஒட்டிக்கொள்கிற தட்டு தேவைதான். கார்மினின் ஃபோர்ரன்னர் 55 மாதிரி ஓட்டத்துக்கென்றே வருகிற வாட்ச்சுக்கு, ஜிபிஎஸ் போடாமல் சும்மா கட்டியிருந்தால் 2 வாரம் வரை என்கிறார்கள். ஓட்டத்தைக் கழித்தாலும் எனக்கு ஒரு வாரம் தாண்டுகிறது. வாரத்துக்கு ஒருநாள் கேபிள் சொருகுவதில் என்ன சிரமம்?

போன தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரை போனோம். 55-60 கிலோமீட்டர், ராத்திரி முழுக்க நடை. செய்துங்கநல்லூர் தாண்டியதும் பேட்டரி குறைகிறது என்று வாட்ச் அதிர்ந்தது. கழற்றிக் கேபிளைச் சொருகிப் பவர் பேங்கோடு இடுப்புப் பைக்குள் போட்டேன். ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருந்தது, சார்ஜும் ஏறியது. கூட வந்த அண்ணாச்சிக்கு வயர்லெஸ். வட்டத் தட்டையும் வாட்ச்சையும் சேர்த்துப் பைக்குள் வைப்பார், பத்து எட்டு நடந்ததும் பட்டை மடங்கித் தட்டு விலகிவிடும். கடைசியில் தலைத்துண்டை அவிழ்த்து இரண்டையும் கட்டுச்சோறு மாதிரி கட்டினார். அப்படியும் குரும்பூர் வரைதான் வந்தது. "சவத்தத் தூக்கித் தாமிரபரணில போடணும்வே" என்றார். ஆறு அதற்குள் பின்னால் போய்விட்டது.

பாதயாத்திரை போகிறவர்களுக்கு ஒன்று. வாட்ச் இழுக்கிற மின்சாரம் ரொம்பக் குறைவு. எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் தானே அணைந்துவிடும். கேபிளோ தட்டோ, இரண்டுக்கும் இதே கதைதான். இன்னொரு துளையில் போனையும் சேர்த்து மாட்டிவிட்டால் அணையாது.

வயர்லெஸ் என்றால் எந்தத் தட்டிலும் ஏறும் என்ற நினைப்பும் பலருக்கு இருக்கிறது. போன்களுக்கு 'ச்சீ' என்று ஒரு பொதுத் தரம் உண்டு (முகம் சுளிக்காதீர்கள், சீன மொழியில் உயிர்சக்தி என்று அர்த்தம்). அந்தத் தட்டில் ஆப்பிள் வாட்ச்சை வைத்தால் சும்மா கிடக்கும், அதற்குத் தனித் தட்டு வேண்டும். பின் வாட்ச்சும் யோக்கியமில்லை, கம்பெனிக்கு ஒரு முனை. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் போனுக்கும் கேமராவுக்கும் டைப் சி கட்டாயம் என்றார்கள், அந்தப் பட்டியலில் வாட்ச் இல்லை. ஜங்ஷன் பக்கம் போன் கடையில் போய் என் கேபிளைக் காட்டினால், "அண்ணாச்சி, இது எந்த ஊர் சாமான்?" என்கிறான்.

பெரிய கம்பெனிகளே ஒரு முடிவுக்கு வரவில்லை. கூகுள் 2022-ல் விட்ட முதல் பிக்சல் வாட்ச்சுக்குக் காந்தத் தட்டு, மறு வருடம் வந்த இரண்டாவதுக்கு நாலு பின். வயர்லெஸ்தான் அடுத்த கட்டம், பின் பழைய காலம் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஒருவருக்கு மட்டும் நானே வயர்லெஸ் வாங்கிக் கொடுத்தேன், என் மாமனாருக்கு. எழுபத்திரண்டு வயது, விரல் லேசாக நடுங்கும். பின்னைப் பொருத்த முடியாமல் தினமும், "மாப்பிள்ள, இத மட்டும் செத்த மாட்டிக் குடுங்க" என்று வந்து நிற்பார். இப்போது தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே ஒட்டிக்கொள்கிறது. கேட்பதை நிறுத்திவிட்டார். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருக்கிறது.

அப்புறம், என் கேபிளை அந்த யாத்திரையில் ஆழ்வார்திருநகரி டீக்கடை பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தேன். மறுவாரம் பைக்கில் போய்க் கேட்டதும் கடை அண்ணாச்சி கல்லாப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். "என்னவே இது, நாலு பேரு வந்தானுவ, சார்ஜ் போடலாம்னு பாத்தா ஒருத்தன் போனுலயும் சேரல. அதான் உம்ம கையிலேயே குடுக்க முடிஞ்சிது."