சட்டப் பேராசிரியருக்குப் பக்கம் இருக்கலாமா?

சட்டம் நடத்துபவர் சொந்தக் கொள்கைகளை வகுப்புக்கு வெளியே விட்டுவிட்டு வரவேண்டும், சட்டத்தை மட்டும் நடத்த வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

மதுரா வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1972இல் மகாராஷ்டிராவில், உறவினர்கள் வெளியே காத்திருக்க, இரவு நேரத்தில் காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற ஓர் ஆதிவாசிச் சிறுமிக்கு இரண்டு போலீஸ்காரர்களால் நடந்த பாலியல் கொடுமை. உயர் நீதிமன்றம் அந்த இருவரையும் தண்டித்தது, 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. உடம்பில் காயம் இல்லை, கூச்சல் போட்டாள் என்பதை நம்ப முடியவில்லை, ஆகவே எதிர்ப்பு இல்லை, சம்மதம்தான் என்பது தீர்ப்பின் போக்கு.

இந்தத் தீர்ப்பைச் சுருக்கி, குறிப்பு எழுதவைத்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் உபேந்திர பக்‌ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் என்ற நான்கு சட்ட ஆசிரியர்களால் அப்படிப் போக முடியவில்லை. 1979 செப்டம்பரில் இந்தியத் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள். அதில் கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை. ஆனால் அடிப்படை வாதம் சட்டத்தின் மொழியிலேயே இருந்தது: அடிபணிவது வேறு, சம்மதிப்பது வேறு; சம்மதத்தில் பணிவு இருக்கலாம், பணிந்ததெல்லாம் சம்மதம் ஆகாது. காவல் நிலையத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ஏழைப்பெண் கத்தவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க, சட்டப்புத்தகத்தோடு மனசாட்சியும் வேண்டியிருக்கிறது.

அந்தக் கடிதத்திலிருந்து பெண்கள் அமைப்புகளின் போராட்டம் எழுந்தது, 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. சாட்சியச் சட்டத்தில் 114ஏ பிரிவு வந்தது. காவலில் நடக்கும் வல்லுறவு வழக்கில் உறவு நடந்தது நிரூபணமாகி, நான் சம்மதிக்கவில்லை என்று அந்தப் பெண் நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும்.

லோதிகா சர்க்கார் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த முதல் பெண். அவரும் பக்‌ஷியும் ஆக்ரா பாதுகாப்பு இல்லத்தில் பெண்கள் அடைபட்டிருந்த நிலையைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம் அப்படியே மனுவாக ஏற்கப்பட்டது. இவர்களிடம் வகுப்பு ஒரு பக்கம், பொதுவாழ்க்கை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

சரி, பக்கம் உள்ள ஆசிரியர் மாணவர்கள் மேல் தன் கருத்தைத் திணிக்க மாட்டாரா? திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தப்புதான். ஆனால் எந்தத் தீர்ப்பை எடுப்பது, எதை விடுவது, யார் கண்ணால் பார்த்து நடத்துவது என்று எல்லா ஆசிரியரும் தேர்ந்தெடுக்கத்தானே செய்கிறார்கள்? நடுநிலை என்று சொல்லிக்கொண்டு ஒளித்துவைத்த சார்பைவிட, வெளிப்படையாகச் சொன்ன நிலைப்பாட்டோடு மாணவர் சண்டை போடுவது சுலபம். மதுரா தீர்ப்பை நடத்துகிறவர் அந்தக் கடிதத்தையும் சேர்த்தே படிக்கக் கொடுக்கட்டும், தான் எந்தப் பக்கம் என்றும் சொல்லட்டும். அப்புறம் அந்தத் தீர்ப்பு சரி என்று ஒரு மாணவர் ஒழுங்காக வாதாடி எழுதினால், அவருக்கு முழு மதிப்பெண் போடட்டும்.