ஆறு பேருக்கு ஒரு ரூம்

செவ்வாய்க்கிழமை நான் போட்ட அந்தப் போட்டோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். ஆறு பேருக்கு ஒரே அறை தர முடியாது என்ற குருவாயூர் லாட்ஜின் வரவேற்பில் அத்தை பெட்டி மேல் உட்கார்ந்திருக்க, சின்னவர்களில் ஒன்று அவர் மடியிலும் ஒன்று என் தோளிலும் தூங்க, பெரியவள் வாய் நிறையக் கொட்டாவி விடும் போட்டோ. சிரிப்புப் பொம்மை போட்டவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். பரவாயில்லை, பார்த்தால் சிரிப்பு வருகிற மாதிரிதான் இருந்தோம். ஆனால் கமெண்டில் ஒருவர், சொந்தக்காரர்தான், "அளவோடு பெத்திருந்தா ஒரு ரூமே போதுமே" என்று எழுதிக் கண்ணடிக்கும் பொம்மையும் சேர்த்திருந்தார். அதற்கு 38 லைக். அந்த 38 பேரில் 11 பேருக்கு நான் என் கையால் சோறு போட்டிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன்.

முதலில் ஒன்று. நான் இலவசம் கேட்கவில்லை. தள்ளுபடியும் கேட்கவில்லை. ஆறு பேர் ஒரே கதவுக்குப் பின்னால் படுக்க ஒரு அறை கேட்டேன். காசுக்குத்தான் கேட்டேன்.

செங்கோட்டையில் பகலில் மதுரை–குருவாயூர் ரயில் ஏறினால் அது மலையைத் தாண்டி, 13 கண் பாலத்தைத் தாண்டி, கொல்லம், எர்ணாகுளம் என்று நின்று நின்று போய், நள்ளிரவுக்கு அப்புறம் இரண்டு மணி வாக்கில் குருவாயூரில் இறக்கிவிடும். அந்த நேரத்தில் பிள்ளைகளோடு இறங்கி அறை தேட முடியாது என்றுதான் பத்து நாள் முன்பே பதிவு செய்தேன். கோயில் நிர்வாகமான தேவஸ்வத்தின் விடுதிகள் பாஞ்சஜன்யம், கௌஸ்துபம் இரண்டையும் முதலில் பார்த்தேன். எங்கள் தேதிக்கு மிச்சமில்லை. அது அவர்கள் குற்றமில்லை, முகூர்த்த நாள் கூட்டம் அப்படி. அடுத்து செயலியைத் திறந்தால், மூன்று பெரியவர், மூன்று குழந்தை என்று போட்டவுடன் அதுவே "2 அறைகள்" என்று மாற்றிக்கொள்கிறது. நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம், அதற்கே எல்லாம் தெரியும். அதனால்தான் ஒரு லாட்ஜுக்கு நேரடியாகப் போன் செய்து, ஆள் ஆளாக, வயது வயதாகச் சொன்னேன். போனில் இருந்தவர் "குட்டிகளல்லே சேச்சி, குழப்பமில்லா" என்றார். பிள்ளைகள்தானே அக்கா, பிரச்சினை இல்லை என்று அர்த்தம். குடும்ப அறை, 2,400 ரூபாய். முன்பணம் அனுப்பினேன்.

இரவு இரண்டரைக்கு அங்கே நின்றால் வேறொரு ஆள். எங்களை விரல் நீட்டி எண்ணினார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளையும் எண்ணினார். "ஒரு ரூமில் மூணு பேரே பற்றூ." மூன்று பேருக்குத்தான் அனுமதியாம். இன்னொரு அறை எடுங்கள், மூன்றாம் மாடியில் இருக்கிறது, அதுவும் 2,400 என்றார். எங்களுக்குப் போட்டிருந்தது முதல் மாடி. சரி, பணத்தை விடுங்கள். யாரை எங்கே படுக்க வைப்பது? சின்னவர்களுக்கு மூன்று வயது, இருவருக்கும் நான்தான் வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி, இராத்திரி இரண்டு தடவை எழுந்திருப்பார், பக்கத்தில் ஆள் வேண்டும். எட்டு வயதுப் பெண்ணைக் கூட அனுப்பினால் அவள் பாட்டிக்குத் துணையா, பாட்டி அவளுக்குத் துணையா? இதையெல்லாம் இரவு இரண்டரைக்கு ஒரு மேஜைக்கு முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாவம், "பாலிசியாணு சேச்சி" என்று ஒரே வாக்கியத்தில் நின்றார்.

கடைசியில் அத்தைதான் எழுந்தார். "மூணு மணிக்கு நடை திறந்துருவாங்க, முதல் தரிசனம், நிர்மால்யம் பார்த்துட்டு வருவோம். ரூம்ல என்ன இருக்கு" என்றார். பெட்டிகளைப் போட்டுவிட்டு, தோளில் ஆளுக்கொரு பிள்ளையோடு வரிசையில் போய் நின்றோம். இதைச் சொன்னதும் "பார்த்தீங்களா, குருவாயூரப்பனே கூப்பிட்டிருக்கார்" என்று ஏழெட்டுப் பேர் எழுதிவிட்டீர்கள். இருக்கட்டும். கூப்பிட்டவர் ஒரு ரூமும் சொல்லி வைத்திருக்கலாம்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"பாதுகாப்பு விதி இருக்கும், தீப்பிடித்தால் யார் பொறுப்பு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் போன வருடம் வேறொரு ஊரில், இதே ஆறு பேர், இதே மாதிரி மூன்று பேர் அறை. இரண்டு கூடுதல் மெத்தைக்கு 1,600 ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்கள். மெத்தைக்குக் காசு கொடுத்தால் தீ பிடிக்காது போல. விதி என்றால் விதியாக இருக்கட்டும், நான் தலைவணங்குகிறேன். அதைப் போனிலேயே சொல்லியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

"லாட்ஜ்காரனுக்கும் செலவு இருக்கு" என்பதும் எனக்குத் தெரியாததில்லை. என் பெரியப்பா குற்றாலத்தில் சீசனுக்கு மாடி வீட்டை வாடகைக்கு விடுகிறவர். ஜூன் மாதம் சாரல் தொடங்கினால் ஆகஸ்ட் வரை அவர் வீட்டில் அவருக்கே இடம் இருக்காது. எட்டுப் பேர் என்று சொல்லிவிட்டுப் பதினெட்டுப் பேர் வந்து, எண்ணெய்த் தலையோடு தலையணையில் படுத்து, மோட்டார் போட்டுப் போட்டு ஓய்ந்து, கடைசியில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பி அவர் பட்ட பாட்டை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அவர் என்ன செய்தார்? ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப வாடகையை ஏற்றினார். அடுக்கிவைக்கப் பத்துக் கோரைப்பாய் வாங்கிப் போட்டார். "பத்து பேருக்கு மேல் வேண்டாம், அதற்குள் எப்படியும் படுத்துக்கொள்ளுங்கள்" என்பார். வீட்டைப் பிரித்துக் கொடுத்தாரே தவிர, குடும்பத்தைப் பிரித்து இரண்டு மாடியில் போடவில்லை. கூடுதலாக 500, 800 வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறேன். இரண்டாவது அறைக்கு முழு வாடகை என்னால் முடியாது. இரண்டு அறைக்கும் சேர்த்து இரண்டு நாளுக்கு 9,600 ஆகிறது. ஆறு பேர் ரயிலில் போய் வந்த செலவு அதில் கால்வாசிகூட இல்லை.

வரியைப் பற்றியும் ஒருவர் பாடம் எடுத்தார். எனக்கும் கொஞ்சம் தெரியும். 1,000 ரூபாய்க்குள் இருந்த அறைகளுக்கு 2022 ஜூலை வரை ஜிஎஸ்டி கிடையாது. அப்புறம் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைந்தது எங்கே போயிற்று என்று கேட்டால் லாட்ஜ்காரர் மேலே பார்க்கிறார், நானும் மேலே பார்க்கிறேன், ஃபேன் சுற்றுகிறது.

ஹோம்ஸ்டே எடுக்கலாமே என்கிறவர்களுக்கு: எடுத்திருக்கிறோம், மூணாறில். தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. பால் குடிக்கிற வயதில் இருந்த பிள்ளைக்குக் காலை உணவு சேர்த்துப் போட்டிருந்தார்கள். போதும்.

கேரளப் பொதுப்பணித் துறை ரெஸ்ட் ஹவுஸ்களை 2021 நவம்பர் 1 முதல் நம்மைப் போன்றவர்களும் ஆன்லைனில் எடுக்கலாம், வாடகை குறைவு. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் திருவிழா, விடுமுறை நாளில் முந்திக்கொள்ள வேண்டும். இதைச் சொன்ன அண்ணனுக்கு நன்றி, நீங்கள் ஒருவர்தான் உருப்படியாகச் சொன்னீர்கள்.

அப்புறம் "மலையாளத்தான் அப்படித்தான்" என்று எழுதியவர்களே, அந்தக் கமெண்டுகளை நான் அழித்துவிட்டேன். நாங்கள் எல்லைக்காரர்கள். 1956 நவம்பர் 1 வரை எங்கள் செங்கோட்டையே திருவிதாங்கூர்–கொச்சிதான். இன்றைக்கும் கொல்லத்துக்காரர்கள் பார்டர் பரோட்டா தின்னப் பிரானூருக்கு வருகிறார்கள், நாங்கள் அங்கே சாமி கும்பிடப் போகிறோம். போன ஜூலையில் குற்றாலத்தில், நம் பக்கத்து லாட்ஜ் ஒன்றில், நான்கு பிள்ளைகளோடு வந்த கேரளத்துப் புனலூர்க் குடும்பத்தை "ரெண்டு ரூம் எடுத்தா எடு, இல்லாட்டி கிளம்பு" என்று ஒருமையில் பேசி வெளியே நிறுத்தியதை என் கண்ணால் பார்த்தேன். குருவாயூர்க்காரராவது என்னைச் சேச்சி என்றார்.

2024 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 300-க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்த ஊர் அது. கல்யாணத்துக்கு யார் வருவார்கள்? ஆச்சி, தாத்தா, கைக்குழந்தை, அதைத் தூக்க ஒரு சித்தி. அப்படிப்பட்ட ஊரில் எந்த அறையைத் திறந்தாலும் இரண்டு பேருக்கான கட்டில். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் வந்தால் சரியாக இருக்கும். திருமலையில் தேவஸ்தான அறை பொதுவாகத் தனியாளுக்குக் கிடைக்காது, கூட ஆள் இருந்தால்தான் தருவார்கள். மற்ற இடத்தில் குடும்பமாகப் போனதே நாம் செய்த தப்பு.

ரயிலில் ஐந்து வயதுக்குள் டிக்கெட் வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் பேருந்திலும் ஐந்து வயது வரை இலவசம். அதாவது செங்கோட்டையிலிருந்து குருவாயூர் வரை நாங்கள் நான்கு பேர். லாட்ஜ் வாசலில் கால் வைத்ததும் ஆறு பேர்.

இப்போது அந்த "அளவோடு" விஷயம். தள்ளித் தள்ளிப் போட்டேன், வேறு வழியில்லை, வந்துவிடுகிறேன்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைகள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. சரி, அந்த 0.8 பிள்ளைக்கு எந்த லாட்ஜில் கட்டில் போட்டிருக்கிறார்கள்? ஒரே பிள்ளை பெற்ற என் தோழி, மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனால் ஐந்து பேர். அவளும் இரண்டு அறைதான் எடுக்கிறாள். அவளிடம் போய் மாமனாரை அளவோடு வைத்துக்கொள் என்பீர்களா? 2024 அக்டோபரில் ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடு இன்னும் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அதே மாதம் சென்னையில் கல்யாண மேடையில் ஸ்டாலின் பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று கேட்டார். அந்த மேடைப் பேச்சுக்குக் கை தட்டி ஷேர் செய்தவர்தான் இந்தச் சொந்தக்காரர். பதினாறுக்கு எத்தனை ரூம், அண்ணாச்சி?

எனக்கு இரண்டாவது பிரசவத்தில் இரட்டை. இதைச் சொல்லக் கூடாது என்று இரண்டு நாளாகப் பிடிவாதமாக இருந்தேன். சொன்னால் "ஓ, அப்படியா, பாவம்" என்று எல்லாரும் மன்னித்துவிடுவீர்கள். எதற்கு மன்னிப்பு? மூன்று தனித்தனிப் பிரசவம் என்றால் மட்டும் வரவேற்பில் நிற்க வேண்டியவள் ஆகிவிடுவேனா? எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்து, ஒரு பிள்ளை ஒன்றரைக் கிலோ, இன்னொன்று அதற்கும் குறைவு, 19 நாள் கண்ணாடிப் பெட்டிக்குள். அந்த 19 நாளும் அத்தை ஆஸ்பத்திரி வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தார். அப்போது நேர்ந்துகொண்டதுதான் இந்தத் துலாபாரம். இரண்டு பேரையும் தராசில் உட்கார வைத்துக் கதலிப்பழம் போடுவதாக. அதற்குத்தான் போனோம், ஊர் சுற்ற இல்லை. ஊர் சுற்றப் போயிருந்தாலும் தப்பில்லை.

"பிள்ளைங்க வளர்ந்ததும் போகலாமே" என்று ஒரு அக்கா அன்பாகத்தான் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். அத்தைக்கு 71 வயது.

தராசில் சின்னவன் 12 கிலோ, சின்னவள் 11 கிலோ முந்நூறு. பழத்தட்டு ஏற ஏற அத்தை அழுதார், நான் அழவில்லை. தூக்கம் இல்லாததால் கண் எரிந்தது, அவ்வளவுதான். அன்றைக்குக் குளித்து உடை மாற்றியதெல்லாம் காசு கொடுத்து எடுத்த முதல் மாடி அறையில், மூன்று மூன்று பேராகப் போய்த்தான். மற்ற மூன்று பேர் கீழே பெட்டி மேல் உட்கார்ந்திருந்தோம். இராத்திரி தங்கவில்லை. மிச்சத் தூக்கம் திரும்பி வரும் ரயிலில்.

அண்ணாச்சி, உங்கள் மகள் கல்யாணத்துக்குத் தை மாதம் திருச்சூருக்கு அழைத்திருக்கிறீர்கள். பத்திரிகையில் "தங்களது சுற்றமும் நட்பும் சூழ" என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். நாங்கள் ஆறு பேர். அத்தைக்குக் கீழ்த்தளம் வேண்டும். ரூம் போட்டதும் நம்பரை இங்கேயே கமெண்டில் போடுங்கள். லைக் போட்ட அந்த 38 பேரும் பார்க்கட்டும்.