உருகும் மனிதர்களும் ஒட்டப்பட்ட ஒற்றை வரியும்

படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து உருகும் குட்டி ஐஸ் மனிதர்களின் படம் அவ்வப்போது முகநூலில் சுற்றுக்கு வருகிறது. கூடவே வரும் வரியும் மாறுவதில்லை: புவி வெப்பமாதலை எச்சரிக்கும் கலை. பொய்யில்லை. ஆனால் அந்தப் படைப்பின் பாதியை அந்த வரி விழுங்கிவிடுகிறது.

செய்தவர் பிரேசிலின் சாவ் பாவ்லோவைச் சேர்ந்த சிற்பி நேலே அசெவெடோ. அவர் தொடங்கியபோது சண்டை வெயிலோடு அல்ல, சிலைகளோடு. நகரச் சதுக்கங்களில் நமக்குப் பழக்கமான நினைவுச்சின்னத்தின் இலக்கணத்தை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கினார். குதிரையேறிய தளபதி இல்லை. பெயரில்லாத ஆணும் பெண்ணும், ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயரத்தில். நெஞ்சு நிமிர்த்தி நிற்பதில்லை. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெண்கலம் இல்லை, தண்ணீர். பீடமும் இல்லை. அந்த ஊர்க்காரர்களே கையில் ஏந்தி வந்து படியில் வைக்கிறார்கள், திறப்பு விழாவுக்கு அமைச்சர் வேண்டியதில்லை! 'குறைந்தபட்ச நினைவுச்சின்னம்' என்றுதான் இதற்குப் பெயரே வைத்தார்.

2009 செப்டம்பரில் பெர்லினின் ஜென்டார்மென்மார்க்ட் சதுக்கத்தில் 1000 உருவங்கள் வைக்கப்பட்டன. ஏற்பாடு, உலக இயற்கை நிதியம். சொல்ல வந்தது, ஆர்க்டிக் பனி உருகுவது. அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் பரவின. அந்த ஒற்றை வரியும் அவற்றோடு ஒட்டிக்கொண்டது.

எனக்கு முக்கியமானது 2014 ஆகஸ்டில் பர்மிங்காமில் நடந்தது. முதல் உலகப் போரின் நூற்றாண்டு. சேம்பர்லேன் சதுக்கப் படிகளில் 5000 உருவங்கள். போர் நினைவுச்சின்னம் என்றால் கல், செதுக்கிய பெயர், ஆண்டுக்கொருமுறை மலர்வளையம் என்று அரசுகளுக்கு ஒரு வசதியான ஏற்பாடு இருக்கிறது. செத்தவனைக் கல்லாக்கிவிட்டால், அவன் ஏன் செத்தான் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே இறந்தவர்களுக்கான உருவத்தை உங்கள் கையாலேயே வைக்கிறீர்கள். அது கண்ணெதிரே தலை கரைந்து, தோள் கரைந்து, படியில் ஈரமாகிறது. தடுக்க வழியில்லை. இதில் ஆர்க்டிக் எங்கே வந்தது?

ஐஸ்லாந்து-டேனிஷ் கலைஞர் ஓலாஃபர் எலியாசன், புவி வெப்பமாதலை உணர்த்த, 2015-இல் கிரீன்லாந்திலிருந்து 12 பனிப்பாளங்களைப் பாரிசுக்குக் கொண்டுவந்து, பாந்தியோன் சதுக்கத்தில் கடிகார வடிவில் வைத்தார். மக்கள் தொட்டுப் பார்த்தார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். நல்ல படைப்புதான். ஆனால் அது ஒரு பாடம், புரிந்ததும் முடிந்துவிடுகிறது. அசெவெடோவின் உருவங்களோ, எந்த ஊர்ப் படியில் உட்காருகின்றனவோ அந்த ஊரின் கணக்கைக் கேட்கின்றன.

பகிர்கிறவர்கள் சிற்பியின் பெயரையாவது சேர்த்துப் போடலாம். என் கண்ணில் படும் பதிவுகள் பலவற்றில் அதுவும் இருப்பதில்லை.