கிண்ணம் காலியாக வந்தது

பாம்பனில் எங்கள் தெருவில் கொடுத்த கிண்ணம் வெறுமையாகத் திரும்பியதே இல்லை. சீலா மீன் போனால் நாலு முருங்கைக்காயாவது வரும். இன்றைக்கு இல்லையென்றால் அடுத்த மாதம்.

நேற்று எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்ணுக்குக் குழம்புக்கு நாலு நகரை மீன் கொடுத்தேன். திரும்பிப் படியேறுவதற்குள் போனில் 'டிங்'. கூகுள் பேயில் 150 ரூபாய்! (மீன் அதற்கு மேலேயே பெறும், அது வேறு வயிற்றெரிச்சல்.) கேட்டால், "சும்மா வாங்குனா கடன் மாதிரி இருக்குக்கா" என்கிறாள். அடி தாயே, அந்தக் கடன்தானே வேண்டும்! கணக்கை முடித்துவிட்டால் அப்புறம் எந்தச் சாக்கில் உன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருவது?

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் பாதி வீட்டில் உலை கொதிப்பது பக்கத்து வீட்டு அரிசியில். அதற்கு ஜிஎஸ்டி பில்லா போட்டோம்? பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு போனாலும் இவள் ஸ்கேன் பண்ண அட்டை தேடுவாளோ? கீழக்கரைத் தொதல் அல்வா ஒரு துண்டு நீட்டினால் கிலோ என்ன விலை என்பாளோ?

பணத்தைத் திருப்பி அனுப்பினேன். மறுபடி அனுப்பினாள். மறுபடி நான். மறுபடி அவள்.

இன்று காலை என் கிண்ணம் வந்து சேர்ந்தது. பளபளவென்று கழுவி, காலியாக.