பார் சார்ட்டைப் பார்க்கவே கற்றுக்கொடுக்காத பயிற்சி

ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வின் எழுத்துப் பகுதியில் முதல் கேள்வியாகப் பெரும்பாலும் ஒரு பார் சார்ட்டையோ (எண்களைப் பட்டைகளாகக் காட்டும் படம்) அதைப் போன்ற வேறொரு படத்தையோ கொடுத்து, ஏறத்தாழ 20 நிமிடத்தில், 150 சொற்களுக்குக் குறையாமல் விவரிக்கச் சொல்கிறார்கள். முக்கியமான அம்சங்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்துரைக்க வேண்டும், பொருத்தமான இடங்களில் ஒப்பிட வேண்டும் என்று கேள்வியிலேயே அச்சிட்டிருக்கிறது. இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன பிறகும், பயிற்சி என்ற பெயரில் இதற்கு நேர்மாறானதைக் கற்றுக்கொடுத்துக் காசு பார்ப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தேர்வுக்குத் தயாராகும் நண்பர்கள் திருத்தித் தரச் சொல்லி அனுப்பும் கட்டுரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாகவே இருக்கின்றன. மனப்பாடம் செய்த தொடக்க வாக்கியத்துக்குப் பின்னால் கேள்வியின் வரிகள் அப்படியே பெயர்த்து ஒட்டப்பட்டிருக்கும்; அப்படி ஒட்டிய வரிகளுக்கு மதிப்பெண் கிடையாது என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லியிருப்பதில்லை. ஆறு நாடுகள், நான்கு ஆண்டுகள் என்றால் இருபத்து நான்கு எண்களையும் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல வரிசையாக வாசித்துவிட்டு, சொற்கணக்கு நிறைந்த திருப்தியில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே ஓர் ஆண்டில் பல நாடுகளின் இணையப் பயன்பாட்டைக் காட்டும் படத்தைப் பார்த்து, 'ஜெர்மனியிலிருந்து பிரேசிலுக்கு வரும்போது எண்ணிக்கை திடீரெனச் சரிந்தது' என்று எழுதுகிறார்களே, அதை எப்படிப் பொறுப்பது? அங்கே எதுவும் ஏறவுமில்லை, சரியவுமில்லை. காலமே நகராத படத்தில் பக்கத்துப் பட்டை குட்டையாக இருக்கிறது, அவ்வளவுதான். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நாற்பது வினைச்சொற்களைப் பட்டியல் போட்டு நெட்டுரு செய்ய வைத்தவர், கிடைமட்ட அச்சில் இருப்பது ஆண்டுகளா நாடுகளா என்று முதலில் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா? பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 30 சதவீதம் என்ற விவரத்திலிருந்து பெண்களின் எண்ணிக்கையே அதிகம் என்று முடிவுகட்டுவதும், 12 சதவீதம் 18 சதவீதமானால் அதை '6 சதவீத வளர்ச்சி' என்று எழுதுவதும் இதே அலட்சியத்தின் விளைச்சல்தான். கூடியது 6 சதவீதப் புள்ளிகள்; வளர்ச்சி என்று கணக்கிட்டால் அது 50 சதவீதம்.

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைப்பது, படத்தின் ஒட்டுமொத்தப் போக்கைச் சொல்லும் பத்தியை 'நேரம் இருந்தால் எழுதிக்கொள்ளலாம்' என்று ஒதுக்கிவிடும் அறிவுரை. தேர்வை நடத்துபவர்களே வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு அளவுகோலில், விவரங்களைப் பெரும்பாலும் இயந்திரத்தனமாக அடுக்குவது 5ஆம் பேண்டின், அதாவது 9 வரை போகும் மதிப்பெண் படிகளில் ஐந்தாவதின், அடையாளமாகவும், பொருத்தமான ஒட்டுமொத்தப் பார்வையைத் தர முயல்வது 6ஆம் பேண்டின் அடையாளமாகவும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய அந்த அளவுகோலைப் புரட்டிப் பார்க்காதவர்கள்தான் பேண்ட் 8க்கு உத்தரவாதம் தருகிறார்கள்.

தேர்வுத்தாள் தயாரிப்பவர்களுக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. பார் சார்ட்டின் முன்னோடியான வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட நூலில் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாக வரைந்தபோது, எண்களின் அட்டவணையை ஒரே பார்வையில் புரிய வைப்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. இங்கேயோ ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாத சாம்பல் நிறங்களில் பட்டைகளை நெருக்கி, அளவுக்கோடுகளுக்கு நடுவே அவற்றின் உச்சியை நிறுத்தி, மொழித்தேர்வு எழுத வந்தவரைக் கண்பார்வைத் தேர்வு எழுத வைக்கிறார்கள். படத்தில் இல்லாத காரணங்களை எழுதக் கூடாது என்பது நியாயமான விதிதான். ஆனால் கார்களின் எண்ணிக்கை ஏன் கூடியது என்பதற்கு அந்தப் பட்டைகளில் விடை இல்லை என்று விளக்கிச் சொல்லாமல், பயிற்சியாளர்கள் வெறும் தடையாக அதைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். 'மக்கள் சோம்பேறிகளாகிவிட்டதால்' என்ற வாக்கியம் அதனால்தான் மீண்டும் மீண்டும் எட்டிப் பார்க்கிறது.

இத்தனைக்கும் இரண்டாவது கேள்வியான கட்டுரைக்குத்தான் இதைப்போல் இரு மடங்கு மதிப்பு. பட்டைகளுக்கு அலங்காரச் சொற்களைத் தேடி அரை மணி நேரத்தைத் தொலைத்தவருக்கு, 250 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டிய அந்தக் கட்டுரைக்கு மிஞ்சுவதும் அரை மணி நேரம்தான். அதற்கும் ஒரு மனப்பாட வார்ப்புருவைத் தனிக் கட்டணத்தில் விற்கிறார்கள்.