வேலையை வெளியே கொடுங்கள், அளவுநாடாவைக் கொடுக்காதீர்கள்

நகராட்சி வேலை ஏதாவது இழுத்துக்கொண்டே போனால் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ‘எல்லாத்தையும் தனியார்கிட்ட கொடுங்க, சீக்கிரம் முடியும்’ என்று ஒரு கட்சி. ‘தனியார்கிட்ட கொடுத்ததால்தான் இந்த லட்சணம்’ என்று இன்னொரு கட்சி. எனக்கு இந்தச் சண்டையில் ஆர்வமே இல்லை. பாலம் கட்டவும் வடிகால் தூர்வாரவும் வேண்டிய ஆட்களையும் எந்திரங்களையும் எந்த நகராட்சியும் முழுக்கச் சொந்தமாக வைத்திருக்க முடியாது. வெளியே கொடுத்துத்தான் ஆகவேண்டும். செய்த வேலையை யார் அளக்கிறார்கள்? நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

குழாய்ப் பள்ளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழாயைப் பதித்ததும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மூடக் கூடாது. 15, 20 சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டு, ஈரப்பதம் பார்த்து, இடித்து இறுக்கிய பிறகுதான் அடுத்த அடுக்கு. மொத்த மண்ணையும் தள்ளிவிட்டு மேலே தார் போட்டாலும் அன்றைக்குப் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டு மழை பெய்தால் சாலை உள்வாங்கும். இதைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பள்ளம் திறந்திருக்கும்போதே அங்கே ஆள் நிற்க வேண்டும். நகராட்சியின் ஆள் அந்த நேரத்தில் இல்லையென்றால், அளவுப் புத்தகத்தில் ஏறுவது ஒப்பந்ததாரர் சொன்ன கணக்கு. அதை வைத்துத்தான் பில் பாஸாகும்.

சரி, ஆள் ஏன் நிற்பதில்லை? ஓய்வு பெற்ற பொறியாளரின் இடத்தை நிரப்பாமல் விட்டிருப்பார்கள். மிச்சமிருக்கும் ஒருவர் தலையில் எல்லா வேலையும் விழும். அப்புறம் மேற்பார்வைக்கே ஒரு டெண்டர் விடுவார்கள். வரும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கட்டணம் மாதக் கணக்கில் என்றால், வேலை இழுக்க இழுக்க அவர்களுக்கு வரவு. அவர்கள் கொடுக்கும் அறிக்கை சரியா என்று படித்துப் பார்க்கவும் அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோவின் டிராம் கதை இந்த விஷயத்தில் ஒரு பாடப்புத்தகம். நகர மன்றம் திட்டத்தை நேரடியாக நடத்தாமல், தனக்குச் சொந்தமான தனி நிறுவனம் ஒன்றிடம் விட்டது. கட்டுமான ஒப்பந்தம் 2008-ல் கையெழுத்தானது. 2011-ல் டிராம் ஓடியிருக்க வேண்டும். நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் மாற்றி முடிப்பதற்குள் தண்டவாள வேலை தொடங்கியது. யார் செலவு, யார் தவறு என்று ஒப்பந்ததாரர்களோடு தகராறு மூண்டு வேலை நின்றது. கடைசியில் 2014 மே மாதம் டிராம் ஓடியபோது பாதை திட்டமிட்டதைவிடக் குட்டை. செலவு மட்டும் 54.5 கோடி பவுண்டு நிதி ஒதுக்கீட்டைத் தாண்டி 77.6 கோடிக்கு வந்திருந்தது. இதை ஆராய அதே ஆண்டு அறிவித்த விசாரணையின் அறிக்கை 2023 செப்டம்பரில்தான் வந்தது. விட்டுப்போன பாதையைக்கூட அதற்குள் கட்டி, அந்த ஜூன் மாதமே திறந்துவிட்டார்கள்!

தாமதத்துக்கு அபராதம் போட வேண்டியதுதானே என்பார்கள். அந்த ஷரத்து எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். ஆனால் இடத்தை நேரத்துக்கு ஒப்படைக்காதது, வரைபடத்துக்கு ஒப்புதல் தராதது, மின்கம்பத்தை நகர்த்தாதது எல்லாம் நகராட்சியின் தவறு என்றால், அபராதம் நிற்காது. ஒப்பந்ததாரருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் தரப்பில் கடிதம் எழுதுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார்; நகராட்சித் தரப்பில் பதில் போட ஆள் இருக்காது. பதில் போகாத ஒவ்வொரு கடிதமும் பின்னால் கால நீட்டிப்புக்கு ஆதாரம். ஒப்பந்ததாரர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. முடித்த வேலைக்கே பில் மாதக்கணக்கில் தூங்கினால், அவர் ஆட்களை அடுத்த சைட்டுக்கு அனுப்பத்தான் செய்வார்.

பராமரிப்பு ஒப்பந்தம் இதைவிட மோசம், ஏனென்றால் அதில் முடிந்தது என்று சொல்ல ஒரு நாளே கிடையாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் சாலைப் பராமரிப்பை 2012-ல் 25 ஆண்டுகளுக்குத் தனியாருக்குக் கொடுத்தார்கள். 17,500 தெருமரங்களை வெட்டிப் புதிது நடுவது என்ற எண்ணிக்கை ஒப்பந்தத்திலேயே இருந்தது. நல்ல மரங்களை ஏன் வெட்டுகிறீர்கள் என்று மக்கள் மறித்தபோது, நகர மன்றம் மக்களோடு நிற்காமல் ஒப்பந்தத்தைக் காத்து நின்றது. மன்றம் பொதுமக்களையும் நீதிமன்றத்தையும் தவறாக வழிநடத்தியது என்று 2023-ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. பள்ளத்தை மூடும் முன் அளந்து கையெழுத்துப் போடுபவர் நகராட்சியின் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கால நீட்டிப்பும் யாரால், எத்தனை நாள், யார் ஒப்புதல் தந்தது என்று எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். காரணம் என்ற இடத்தில் ‘நிர்வாகக் காரணங்கள்’ என்று மட்டும் எழுதி வரும் கோப்பை, கையெழுத்துப் போடாமல் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும்.