வினையில் ஆளும் பாலும் காட்டுவது தமிழ் மட்டும் அல்ல

‘ஆள் (நான், நீ, அவன்), எண், பால் மூன்றையும் ஒரே வினைச்சொல்லில் காட்டுவது தமிழ் மட்டும்தான், உலகிலேயே சிக்கலான வினை நம்முடையது’ என்று பெங்களூரில் இருக்கும் ஒருவர் எழுதியிருக்கிறார். தமிழ் மீதான அன்பு சரி, தகவல் தவறு.

பெங்களூரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? பஸ்ஸில் தினமும் கன்னடத்தில் காதில் விழும் ‘பர்தானே’, ‘பர்தாளே’ என்ன? வருகிறான், வருகிறாள். அதே அமைப்புதான்.

அப்புறம், தமிழ் வினை எழுவாயை மட்டுமே காட்டும். ‘கொடுத்தேன்’ என்றால் யாருக்கு என்பது அதில் இல்லை. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதியில் பேசப்படும் பாஸ்க் மொழியில் ‘எமான் திசுத்’ என்றால் ‘அதை உங்களுக்கு நான் கொடுத்திருக்கிறேன்’. ‘திசுத்’ என்ற துணைவினைக்குள் ‘சு’ உங்களைக் குறிக்கிறது, கடைசி ‘த்’ என்னைக் குறிக்கிறது. ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியில் ஒரு மலைக்கிராமத்து ஆர்ச்சி மொழியில் ஒரு வினைக்குக் கோட்பாட்டளவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வரலாம் என்று ரஷ்ய மொழியியலாளர் அலெக்சாந்தர் கிப்ரிக் கணக்கிட்டிருக்கிறார்.

நம் வினையின் அழகு துணைவினையில் இருக்கிறது. ‘உடைத்துவிட்டான்’ என்றால் வேலை முடிந்தது. ‘உடைத்துத் தொலைத்தான்’ என்றால் சொல்பவரின் எரிச்சலும் சேர்ந்தே வருகிறது. பெருமையாகப் பேச இதை எடுங்கள்.